உங்கள் வீட்டு மண் எத்தனை டிகிரி?

வீடும் மனையும்: வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏறத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு ஒரே விஷயமாகக் கடிதங்கள். தரைக்கடியில் குழாய் பதித்து, வெளிக்காற்றை அதன் வழியாக வீட்டுக்குள் விட்டால் ஏசி இல்லாமலே குளிருமாமே என்று கேட்கிறார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் பக்கமிருந்தும், ஆந்திரச் சித்தூர் பக்கமிருந்தும், குமரி மாவட்டக் களியக்காவிளையிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: வீடியோவில் 45 டிகிரி வெயிலில் குழாய் வழியாக 27 டிகிரிக் காற்று வருவதாகக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி வருமா?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

வராது. அந்த வீடியோ பெரும்பாலும் வடநாட்டில் எடுத்ததாக இருக்கும்.

மண் தானாகக் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. 8, 10 அடிக்குக் கீழே போனால் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம் எதுவோ அதை ஒட்டியே மண் நிற்கும். டெல்லிப் பக்கம் டிசம்பர், ஜனவரிக் குளிர் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறது. குருகிராமை அடுத்த குவால் பஹாரியில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் பயிற்சி வளாகத்துக்கு 4 மீட்டர் ஆழத்தில், 70 மீட்டர் நீளத்தில் இப்படிக் காற்றுச் சுரங்கங்கள் போட்டிருக்கிறார்கள். அங்கே மண் ஏறக்குறைய 26 டிகிரி. அஜ்மீரில் செய்து 2010இல் வெளியான ஆய்வில், 23 மீட்டர் நீளக் குழாயிலேயே காற்று 8 முதல் 12.7 டிகிரி வரை இறங்கியது. நமக்கு மார்கழியிலும் போர்வை தேடும் அளவுக்குக் குளிர் கிடையாது. பாலக்காட்டுச் சமவெளியின் சராசரி 27, 28 டிகிரி. வெயில் நேரே விழும் வெற்றுத் தரை என்றால் அடிமண் இன்னும் ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கும்.

ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். மீன் தொட்டிக்குப் போடும் சாதாரண வெப்பமானி போதும். போர்வெல் மோட்டாரைப் போட்டு, குழாயில் தேங்கிக் கிடந்த வெந்நீர் போகும்வரை 10 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு ஒரு வாளியில் பிடித்து, நிழலில் வைத்து, உடனே வெப்பமானியை முக்குங்கள். வரும் எண்ணிலிருந்து, போர் 300 அடிக்கு மேல் ஆழம் என்றால் ஒரு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள் (ஆழம் கூடக் கூட பூமிக்குள் சூடும் கூடும்). அதுதான் உங்கள் குழாய்க்குக் கிடைக்கப்போகும் மண். எண் 29 என்று வந்தால், கோடைப் பகலில் 29க்குக் கீழே காற்று வராது.

இனி கணக்கு. வெளியே 40, மண் 29. இடைவெளி 11 டிகிரி. 6 அங்குலக் குழாய் 100 அடி ஓடி, காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், இந்த இடைவெளியில் சுமார் 85 சதவீதம் குறையும். வீட்டுக்குள் வருவது 31. நீளத்தை 65 அடியாகக் குறைத்தால் 70 சதவீதம்தான் கிடைக்கும். 130 அடிக்கு நீட்டினால் 90ஐக் கொஞ்சம் தாண்டும். அதற்கு மேல் குழாய் வாங்குவது தண்டம்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு குழாய் வெளிக்காற்றிலிருந்து எடுக்கும் சூடு அரைக் கிலோவாட். ஒரு டன் ஏசி எடுப்பது மூன்றரைக் கிலோவாட். அறை ஏற்கெனவே 35இல் கொதித்துக்கொண்டிருந்தால், 31இல் நுழையும் காற்று அறையிலிருந்து வெளியேற்றுவது கால் கிலோவாட்தான். அதே அறையின் மொட்டை மாடித் தளம், மாலை 4 மணிக்கு இதைப்போல் மூன்று மடங்கு சூட்டை உள்ளே கொட்டிக்கொண்டிருக்கும். எனவே கூரைக்கு வெள்ளை பூசாமல், மேற்குச் சுவருக்கு நிழல் கட்டாமல் குழாய்க்குப் பள்ளம் வெட்டுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான்.

கேள்வி: மேற்குப் பார்த்த 10க்கு 12 அறை ஒன்று. மாடியில் ஏற்கெனவே வெள்ளை டைல்ஸ் போட்டாயிற்று. பின்பக்கம் 50 அடி காலி இடம் இருக்கிறது. என்னென்ன வாங்கி, எப்படிப் பதிப்பது?
(வாசகி, வேலந்தாவளம்)

50 அடி இடம் போதும். குழாய் நேராக ஓட வேண்டியதில்லை. வீட்டிலிருந்து 6 அடி தள்ளித் தொடங்கி 44 அடி போய், பக்கவாட்டில் 6 அடி தள்ளித் திரும்பி, 44 அடி வரும்படி லாடம் போல வளைத்துக்கொள்ளுங்கள். போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் நடுவே அந்த 6 அடியைக் குறைக்காதீர்கள். நெருக்கமாகப் போட்டால் ஒன்றின் சூடு மற்றதைத் தொடும். அஸ்திவாரத்திலிருந்தும் 6 அடியாவது தள்ளியே வெட்டுங்கள்.

குழாய்: 160 மில்லிமீட்டர் (6 அங்குலம்) எஸ்டபிள்யூஆர், அதாவது கழிவுநீருக்குப் போடும் பிவிசி, பி டைப், 20 அடி நீளத்தில் 7. ஐந்து படுக்கைக்கு, இரண்டு இரு முனையிலும் நிற்கும் குழாய்களுக்கு. 90 டிகிரி எல்போவைத் தவிர்த்து, ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டு 45 டிகிரி பெண்ட் போடுங்கள். வளைவுக்கு நாலு, வீட்டோரம் குழாய் மேலே ஏறும் இடத்துக்கு இரண்டு. காற்று நுழையும் முனையில் அடியில் ஒரு டீ, மேலே கைக்கெட்டும் உயரத்தில் ஒரு டோர் டீ. உங்கள் பக்கம் கரிசல் என்பதால் பேஸ்ட் டைப் வேண்டாம், ரப்பர் ரிங் வைத்தது வாங்குங்கள். கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே சித்தூர் தாலுகாவில்தான். அது மழைக்கு ஊதி, கோடைக்குச் சுருங்கி, ஒட்டிய ஜாயிண்டை இழுத்துப் பிளந்துவிடும். ரிங் என்றால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

ஆழம் வீட்டுப் பக்கம் 9 அடி, காற்று நுழையும் முனையில் 10 அடி. 100 அடிக்கு ஒரு அடி சரிவு. நூல் கட்டி, தண்ணீர் டியூப் மட்டம் வைத்து 10 அடிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். கண் மட்டத்தை நம்பினால் நடுவில் எங்காவது தொய்வு விழும். அந்தத் தொய்வில்தான் தண்ணீர் தேங்கி நாறும்.

பள்ளம் விஷயத்தில் விளையாடாதீர்கள். இரண்டரை அடி அகலத்தில் செங்குத்தாக 10 அடி வெட்டினால் 25 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண்ணோடு வேலை முடியும் என்று ஜேசிபிக்காரர் சொல்வார். அதில் ஆள் இறங்கக் கூடாது. மேல் 5 அடியை ஏழரை அடி அகலமாக வெட்டி, இருபுறமும் படி விட்டு, அதற்குக் கீழே இரண்டரை அடி அகலத்தில் இறங்குங்கள். 50 யூனிட் ஆகும், செலவும் ஏறும், ஆனால் கரை சரிந்து ஆள் புதையும் ஆபத்து பெருமளவு குறையும். மண் கசிந்தாலோ ஈரமாக இருந்தாலோ கீழ்ப் பகுதிக்கும் பலகை கொடுத்து முட்டுக் கட்டுங்கள். வெட்டிய மண்ணைக் கரையிலிருந்து 5 அடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் வேலை வேண்டாம்.

பிளம்பர் பழக்க தோஷத்தில் ஆற்றுமணலோ எம்சாண்டோ கேட்பார். கழிவுநீர்க் குழாய்க்கு அது சரி. இங்கே காய்ந்த மணல், குழாய்க்குக் கம்பளி போர்த்தியது போல சூட்டைத் தடுக்கும். கரிசலையும் கட்டியாக அள்ளிப் போடக் கூடாது, காய்ந்ததும் குழாயை விட்டு விலகி இடைவெளி விழும். சலித்த செம்மண் 4 யூனிட் வரவழைத்து, குழாய்க்கு அடியில் 4 அங்குலம், மேலே 6 அங்குலம் வரும்படி போட்டு, தண்ணீர் தெளித்துக் கையால் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். அதற்கு மேல் வெட்டிய மண்ணையே 9 அங்குலம் 9 அங்குலமாகப் போட்டு இடித்து மூடலாம்.

மூடும் முன் ஒரு சோதனை. குழாயின் உடல் பகுதிகள்மேல் மட்டும் கொஞ்சம் மண் போட்டுவிட்டு, ஜாயிண்டுகளைத் திறந்து வைத்து, உள்ளே தண்ணீர் விடுங்கள். அடிமட்டத்திலிருந்து 3 அடி உயரத்துக்கு நின்றால் போதும், சுமார் 600 லிட்டர் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் மட்டம் இறங்கக் கூடாது. இறங்காவிட்டால், அந்தத் தண்ணீரை உள்ளேயே வைத்தபடி மண்ணை மூடுங்கள். வெறும் குழாயாக விட்டு இரவில் மழை வந்தால், பள்ளத்தில் நீர் நின்று குழாய் அப்படியே மிதந்து எழும். ஒரு மீட்டர் குழாய்க்கு 20 கிலோ தூக்கு விசை. பார்த்துப் பார்த்து வைத்த சரிவெல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

அடியில் வைத்த டீயின் கீழ்வாய்க்கு ஒன்றரை அடித் துண்டு வைத்து எண்ட் கேப் போட்டு அடைத்துவிடுங்கள். ஓட்டை போடக் கூடாது. சரிவில் வரும் நீர் இந்தக் குடுவையில் சேரும், 8 லிட்டர் கொள்ளும். மேலே டோர் டீயைத் திறந்து அரை அங்குல ஓஸை இறக்கி, கைப்பம்பால் உறிஞ்சி எடுத்துவிடலாம். மூடுவதற்கு முன் குழாய் முழுக்க ஒரு நைலான் கயிற்றை ஓட்டி விட்டு வையுங்கள். அது எதற்கு என்பது பின்னால் வேறொரு கேள்வியில் வருகிறது.

ஃபேனை வீட்டுக்குள் வைத்துக் காற்றை இழுக்காதீர்கள். வெளியே, காற்று நுழையும் முனையில் வைத்துத் தள்ளுங்கள். ஃபேன் மோட்டாரின் சூடும் மண்ணுக்குப் போய்விடும். அதைவிட முக்கியம், குழாயில் எங்காவது கசிவு இருந்தால் காற்று வெளியே போகுமே தவிர, மண்ணுக்குள் இருக்கும் ஈர நாற்றமும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் உள்ளே வராது. 6 அங்குல இன்லைன் ஃபேன் (குழாயோடு சேர்த்துப் பொருத்துவது), பெட்டியில் மணிக்கு 350 முதல் 400 கனமீட்டர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அது குழாய் இல்லாமல் அளந்த அளவு. 100 அடிக் குழாயும் வலையும் சேர்ந்தால் பாதிதான் மிஞ்சும். நமக்கு வேண்டியதும் மணிக்கு 200 கனமீட்டர்தான். உங்கள் அறையின் காற்று மணிக்கு ஐந்தாறு தடவை மாறும்.

காற்று நுழையும் வாய் 6 அடி உயரத்தில், நிழலில், செப்டிக் டேங்க் காற்றுக் குழாய்க்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் தள்ளி இருக்கட்டும். எலியும் பாம்பும் நுழையாமல் கால் அங்குல இரும்பு வலை, அதன்மேல் கொசுவலை. கொசுவலை காற்றைத் தடுக்கும் என்பதால், குழாய் வாயைவிட மூன்று மடங்குப் பரப்புள்ள ஒரு பெட்டி செய்து அதன் முகத்தில் அடியுங்கள். வீட்டுப் பக்கம் தரைக்கு மேலே தெரியும் குழாய்க்கு 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ஃபோம் சுற்ற வேண்டும். மண்ணிலிருந்து 31இல் வரும் காற்று, வெயில் படும் நாலடிக் குழாயில் மறுபடி சூடேறுவது வீண். அறைக்குள் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் திறக்கட்டும். எதிர்ச் சுவரில் உச்சியில் ஒரு சதுர அடி வென்டிலேட்டர் திறந்தே இருக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் புதுக்காற்று எப்படி நுழையும்?

ஓட்டும் நேரம்: காலை பத்தரை முதல் மாலை 6 வரை. இரவில் வெளிக்காற்று 27க்கு வந்த பிறகு குழாய்க் காற்றுதான் சூடு. ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேனை நிறுத்துங்கள். பகலில் சூடேறிய மண்ணும் அப்போதுதான் ஆறும்.

கேள்வி: எங்கள் மனையில் ஐந்து அடியில் பாறை. ஐந்தடியிலேயே போடலாமா? பிவிசிக்குப் பதில் இரும்புக் குழாய் போட்டால் ஈடு கட்டுமா?
(வாசகர், குப்பம்)

குப்பம் 2,000 அடிக்கு மேல் உயரம் என்பதால் எங்களுக்குக் கேள்வி வந்த ஊர்களிலேயே உங்கள் மண்தான் குளிர்ந்தது. 25, 26 இருக்கும். வெடி வைத்துப் பாறையை உடைக்க வேண்டாம். தெற்கே கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் குறைவு, ஆகவே ஆழத்தால் வரும் லாபமும் குறைவு. ஐந்தடியில் குழாயை வைத்து, மேலே இரண்டடி உயர மண்மேடு போட்டு, அதில் கீரையோ புல்லோ வளர்த்துத் தண்ணீர் பாய்ச்சுங்கள். நிழலும் ஈரமும் இருந்தால் ஐந்தடி மண் ஏறக்குறைய பத்தடி மண் போலவே நடந்துகொள்ளும். வேம்பும் அரசும் பக்கத்தில் வேண்டாம். ஈரம் தேடி வேர் ஜாயிண்டுக்குள் போகும்.

இரும்பு தேவையில்லை. சூடு போவதற்குத் தடை குழாயின் சுவரில் அல்ல, உள்ளே ஓடும் காற்றிலும் வெளியே இருக்கும் மண்ணிலும்தான். அஜ்மீர் ஆய்விலும் இரும்புக்கும் பிவிசிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரும்பு துருப்பிடிப்பதுதான் மிச்சம்.

கேள்வி: 4 அங்குலக் குழாயை 40 அடி நீளத்துக்கு, 3 அடி ஆழத்தில் பதித்து, அறைக்குள் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். காற்று லேசாகத்தான் வருகிறது, அதுவும் சூடு. எங்கே தப்பு?
(வாசகர், நகரி)

மூன்று இடத்தில். வெயில் நேரே விழும் இடத்தில் மே மாதம் 3 அடி மண்ணே 32, 33 வரை ஏறும். இது முதலாவது. இரண்டாவது, எக்ஸாஸ்ட் ஃபேன் சுவரில் இருக்கும் ஓட்டை வழியாகக் காற்றைத் தள்ளச் செய்தது. நீளக் குழாயின் எதிர்ப்பைச் சமாளிக்கும் அழுத்தம் அதற்குக் கிடையாது. மூன்றாவதுதான் உங்களைச் சுடுவது: ஃபேன் அறைக்குள்ளிருந்து இழுக்கும்போது, குழாய் வழியாக வருவது கடினம் என்பதால், கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளி அனல் நுழைகிறது. குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, கதவடியிலும் வைத்துப் பாருங்கள், தெரியும்.

காற்றின் அளவைத் தெரிந்துகொள்ள எளிய வழி: டிரம்முக்குள் போடும் 200 லிட்டர் பாலித்தீன் பையைச் சுருட்டி, காற்றில்லாமல் பிதுக்கி, குழாய் வாயில் சேர்த்துப் பிடியுங்கள். 4 விநாடியில் நிரம்பினால் 6 அங்குலக் குழாய்க்குச் சரியான ஓட்டம். உங்களுடைய 4 அங்குலக் குழாய்க்கு 8 விநாடி ஆகலாம். 20 விநாடி பிடித்தால் ஃபேன் போதவில்லை.

மறுபடி தோண்டாமல் செய்யக்கூடியது: எக்ஸாஸ்ட்டைக் கழற்றி, வெளி முனையில் 4 அங்குல இன்லைன் ஃபேன் வையுங்கள். குழாய் போன தடத்தில் மண்மேடு போட்டு ஈரமாக வைத்திருங்கள். ஐந்தாறு டிகிரி இறங்கும். 4 அங்குலத்தில் வருவது மணிக்கு 90 கனமீட்டர்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் வாய் வைத்தால் படுப்பவருக்கு இதமாக இருக்கும். அறை முழுக்கக் குளிராது.

கேள்வி: தோட்டத்தில் 40 அடி வறண்ட கிணறு இருக்கிறது. அதன் வாயை மூடி, உள்ளிருக்கும் குளிர்ந்த காற்றை வீட்டுக்குள் இழுத்தால் பள்ளம் வெட்டும் செலவு மிச்சம் அல்லவா?
(வாசகர், கோவிந்தாபுரம்)

செய்யாதீர்கள். பாழுங்கிணற்றில் இலைதழை மக்கி ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு அடியில் தேங்கி நிற்கும். தூர் வார இறங்கியவர்கள் மூச்சு முட்டி இறந்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அதே காற்றைப் படுக்கையறைக்கு அனுப்பக் கூடாது.

அடைத்த குழாயைக் கிணற்றுக்குள் தொங்க விடுவதும் பயன்படாது, மண்ணைத் தொடாத குழாய் குளிராது. கிணற்றை எப்படியும் மூடத்தான் போகிறீர்கள் என்றால், வளையக்கூடிய எச்டிபிஇ குழாயை 8 அடி விட்டச் சுருளாக 4 சுற்றுச் சுற்றி மண்ணோடு சேர்த்து இடித்து மூடலாம், 100 அடி கிடைத்துவிடும். ஆனால் நிரப்பிய மண் இரண்டு மழைக்காலம் வரை அமுங்கிக்கொண்டே இருக்கும், குழாய் நசுங்கும். எங்களைக் கேட்டால், மாடி மழைநீரை வடிகட்டி அந்தக் கிணற்றில் விடுங்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் குளிர்ந்த காற்றைவிடத் தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

கேள்வி: குழாய் போட்டு ஒரு கோடை நன்றாக ஓடியது. ஜூனில் மழை பிடித்ததும் பூஞ்சை வாடை, கொசுவும் வருகிறது. ஏன்?
(வாசகி, வண்டித்தாவளம்)

கோடையில் 40 டிகிரிக் காற்று காய்ந்த காற்று. 29 டிகிரிக் குழாயில் அது வியர்க்காது. மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், மண்ணும் மழைநீர் இறங்கிக் குளிர்ந்திருக்கும். ஐஸ்வாட்டர் டம்ளரின் வெளிப்புறம் போலக் குழாயின் உட்புறம் வியர்க்கிறது. அதில் கோடை முழுக்கப் படிந்த தூசி ஊறிப் பூஞ்சை பிடிக்கிறது. கொசு, குடுவைத் தண்ணீரில் பெருகியது.

நீரை இறைத்துவிட்டு, அந்த நைலான் கயிற்றின் ஒரு முனையில் பழைய துணியை உருண்டையாகக் கட்டி, மறுமுனையில் இன்னொரு கயிறு சேர்த்து, இருபக்கமும் ஒருவர் நின்று முன்னும் பின்னுமாக இழுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் 2 ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரில் துணியை நனைத்து ஒரு தடவை. ஆசிட் எதையும் அதோடு சேர்க்கக் கூடாது, விஷவாயு வரும். வெயில் உள்ள ஒரு நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேனை ஓட்டிக் காய வைத்து, இரண்டு வாயையும் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் மே கடைசியில், முதல் மழைக்கு முன்பே இதைச் செய்தால் வாடை வராது. திறப்பது பிப்ரவரி கடைசியில்.

இறைக்க இறைக்க நீர் ஊறினால் அது வியர்வை அல்ல, ஊற்று. ஜாயிண்ட் விட்டிருக்கிறது. பக்கத்தில் நெல்வயல் இருந்தால் இது சகஜம். அந்த மாதங்களில் நிலத்தடி நீர் 5, 6 அடிக்கு ஏறிக் குழாய் நீருக்குள் கிடக்கும்.

கேள்வி: இதற்கு ஒரு ஏர் கூலர் வாங்கினால் போதாதா?
(வாசகர், சித்தூர், ஆந்திரம்)

ஏப்ரலில் போதும். 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் நல்ல கூலர் 29க்குக் காற்றை இறக்கும். குழாய் தரும் 31ஐவிடக் குளிர்ச்சி. ஆனால் மணிக்குச் சில லிட்டர் தண்ணீர் குடிக்கும், ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் அறை புழுங்கும், மே நடுவில் மேகம் கட்டி ஈரப்பதம் ஏறியதும் கைவிட்டுவிடும். குழாய்க் காற்று ஈரத்தைச் சேர்ப்பதில்லை. தண்ணீர் தாராளமாக இருந்தால் கூலர், லாரித் தண்ணீர் வாங்குகிறவர் என்றால் குழாய்.

கேள்வி: புதுவீடு கட்டுகிறோம். குழாய் போடலாமா?
(வாசகர், களியக்காவிளை)

வேண்டாம். உங்கள் ஊரில் ஏப்ரலிலும் வெளியே 34தான், மண் 27, 28. குறைவது ஐந்தாறு டிகிரி, அதுவும் பகலில் சில மணி நேரம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் குழாய் கோடையிலும் வியர்க்கலாம். அந்தப் பணத்தில் மொட்டை மாடிக்கு மேலே இரும்புச் சட்டம் கட்டி ஷீட்டோ ஓடோ போடுங்கள். பக்கங்களை அடைக்காமல் காற்றோட விடுங்கள். துணி காயப் போடவும் இடம் கிடைக்கும்.